மூன்று முறை எழுதிய வரி

என் மகள் பிரகதிக்கு எதுவுமே நடந்ததில்லை. அதுதான் பிரச்சினையாகப் போனது.

பதினேழு வயதுவரை அவளுக்கு ஓர் எலும்புகூட முறிந்ததில்லை. நாய் துரத்தியதில்லை. வீட்டில் சாவு விழுந்ததில்லை. நானும் அவள் அப்பாவும் சண்டை போடுவதுண்டு, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவோம். ஒரே குறை, சின்ன வயதிலிருந்து வரும் வீசிங். அதற்கும் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று என்று மூன்று இன்ஹேலர் வைத்திருந்தேன். நாமக்கல்லில் மருந்துக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதுகூடவா முடியாது? பொத்திப் பொத்தி வளர்த்த பெண். அந்தப் பெருமையோடுதான் அவளை உரைகல் பயிற்சி மையத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

மையத்தின் தலைவர் கோகுலன் சார், இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டைக்காரர். பிரகதியின் நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையைக் கட்டி, உள் அறையில் கணினி முன்னால் உட்காரவைத்தார். "உனக்கு மறக்கவே முடியாதது எதுவோ அத எழுது கண்ணு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"மார்க்கப் பாத்து சீட்டுக் குடுத்த காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க மேடம். இப்ப எல்லாப் பிள்ளையும் முழு மார்க்கு. அதனால காலேஜ்காரங்க கட்டுரை கேட்டாங்க. உன்னப் பத்தி நீயே எழுதுன்னாங்க. நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? மெஷின்கிட்டச் சொல்லி எழுதி வாங்கிட்டுப் போனாங்க. ஒரே வருஷத்துல ஏழாயிரம் பிள்ளைங்களுக்கு ஒரே மாதிரி தாத்தா செத்துப்போனாருங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்புறமேல்ட்டுத்தான் இந்தப் பட்டை வந்துச்சு. எழுதற வரி நெஞ்சறிஞ்ச உண்மையா இருந்தாப் பச்சை. அந்தப் பிள்ளைக்கே அது பொய்யின்னு தெரிஞ்சிருந்தாச் சிவப்பு. வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லும். உள்ள இருக்கறது சொல்லாதுங்க. ஒரு வரி சிவப்பாச்சுன்னா அடிச்சுட்டு வேற எழுதிக்கலாம். ஆனா அதே வரிய மூணு தடவ எழுதி மூணும் சிவப்புன்னா கட்டுரையே செல்லாது. அந்த வருஷம் போச்சு."

"எம்பொண்ணு பொய்யே சொல்லாதுங்க சார்."

"பச்சை மட்டும் போதாதுங்களே. அந்த நெனப்பு எவ்வளவு ஆழமாப் பதிஞ்சிருக்குன்னு நூத்துக்கு ஒரு எண் வரும். தொண்ணூறுக்கு மேல வந்தாத்தான் மருத்துவம்."

ஒரு மணி நேரம் கழித்துத் திரையை என் பக்கம் திருப்பினார். பிரகதி அப்பாவோடு வண்டியில் கொல்லிமலை போனதை எழுதியிருந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டு பேரும் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே போனதையும், நாற்பத்திரண்டில் எண்ணிக்கை தவறி, இறங்கி நின்று வயிறு வலிக்கச் சிரித்ததையும் எழுதியிருந்தாள். வரிக்கு வரி பச்சை. கீழே எண்: முப்பத்தொன்று.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினேழு வருஷம் கண்ணில் வைத்து வளர்த்ததற்கு முப்பத்தொன்று. எங்கள் தெரு மோனிஷாவுக்குப் போன வருஷம் தொண்ணூற்று நான்கு வந்தது. அவள் கண் முன்னால் அவள் அப்பா லாரியில் அடிபட்டுப் போனார். அந்தப் பெண் இப்போது சென்னையில் டாக்டருக்குப் படிக்கிறாள்.

"அந்தப் பிள்ளைக்கு அமைஞ்சிருச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. கோகுலன் சார் அதைக் கேட்டுத் திடுக்கிடவில்லை. இதே வார்த்தையை அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேர் சொன்னார்களோ.

"பட்டைக்கு நல்லாத் தெரியறது ஒண்ணே ஒண்ணுதானுங்க மேடம். பயம். சந்தோஷமெல்லாம் அதுக்கு மேலாப்புலதான் தெரியும்" என்றார். குரலைத் தணித்துக்கொண்டார். "அமையாத பிள்ளைங்களுக்கு நாங்க அமைச்சுக் குடுக்கறோம்."

அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அனுபவ ஏற்பாடு. ஒரு நாள் வரும். அன்றைக்குப் பிள்ளைக்கு ஒன்று நடக்கும். ஒரு பூட்டிய அறை, அல்லது ஆளில்லாத இடத்தில் நின்றுபோகும் ஒரு வாகனம், அல்லது இருட்டு. சின்னக் கீறல்கூட விழாது. வெளியே டாக்டர் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார்.

"எந்த நாளுங்க?"

"உங்களுக்குச் சொல்ல மாட்டோமுங்க. தெரிஞ்சா உங்க மொகத்துல தெரியும். பிள்ளை கண்டுபுடிச்சிரும். அன்னிக்கு எங்களுக்குப் போன் பண்ணாதீங்க, பண்ணாலும் எடுக்க மாட்டோம். பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணும், அதத் தடுக்க மாட்டோம். வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு வந்துராதீங்க."

"ரெண்டு மணி நேரமா?"

"ஓடிப்போய்த் தூக்கிட்டா என்ன பதியும் மேடம்? ஆட்டி வெச்ச மாவு உடனே இட்லிக்கு ஆகுமா? புளிக்கணுமில்ல. இன்னொண்ணு. இது ஏற்பாடுன்னு பிள்ளைக்கு எந்தக் காலத்துலயும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நாங்க பண்ணது பூராவும் வீண்."

படிவம் கொடுத்தார். மூன்றாவது கேள்வி: பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா? இருந்தால் ஏற்பாடு கிடையாது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நான் இல்லை என்று எழுதினேன். கடையில் எத்தனையோ பேருக்கு இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, எப்படி உறிஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அதே கைதான் எழுதியது.

அவள் அப்பா நவநீதனிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா வினிதா? பெத்த பிள்ளையப் பயமுறுத்தித்தான் டாக்டராக்கணுமா? கடையிருக்குது, பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்."

"அப்பன் செத்த பிள்ளை டாக்டராவுது. அப்பன் குத்துக்கல்லாட்ட இருந்தும் எம்பிள்ளை கல்லாவுல உக்காரணுமா?"

அது பேசக்கூடாத பேச்சு. பேசினேன். அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, முதல் பக்கத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாட்கள். அந்த நாட்களில் நான் தூங்கினேன், சமைத்தேன், கடையில் உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். ஆனால் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. பள்ளி விட்டு ஐந்து நிமிடம் தாமதமானால், இன்றைக்குத்தானோ? கைபேசி அடித்தால், இன்றைக்குத்தானோ? அவள் சாவதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வரும்போது ஒரு பக்கம் உயிர் வரும். மறுபக்கம், இன்றைக்கும் நடக்கவில்லையே என்று ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கும். அந்த ஏமாற்றத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே பயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரகதி கணக்கு டியூஷனுக்குக் கிளம்பினாள். பரமத்தி சாலையில் ஒரு நான்கு மாடி வணிக வளாகத்தின் உச்சியில் டியூஷன். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். நவநீதன் மருந்து எடுக்கச் சேலம் போயிருந்தார். மூன்று பத்துக்குப் போன் வந்தது.

"அம்மா, லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன். கரண்டு போயிருச்சு. சார் இன்னிக்கு லீவு விட்டுட்டாராம், மெசேஜ இப்பத்தான் பாக்கறேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், பில்டிங்குல ஒருத்தருமே இல்ல. ரொம்ப இருட்டா இருக்குதும்மா."

பூட்டிய இடம். இருட்டு. ஆளில்லாத ஞாயிறு. கோகுலன் சார் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்தது போல இருந்தது.

"பயப்படாத கண்ணு. வந்துட்டே இருக்கேன்" என்றேன்.

"சீக்கிரம் வாம்மா. போன்ல நாலு பெர்சன்ட்டுதான் இருக்குது."

சாவியை எடுத்தேன். வாசல்வரை போனேன். செருப்பில் ஒரு காலை நுழைத்தேன். அப்புறம் அந்தக் காலை வெளியே எடுத்தேன். இதை எழுதும்போது என் கால்விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன.

சும்மா உட்கார முடியவில்லை. ஏதாவது செய்யாவிட்டால் ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. ஊறப்போட்டிருந்த கொண்டைக்கடலையைக் குக்கரில் போட்டு அடுப்பில் வைத்தேன். சோபாவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்துவரை தாக்குப்பிடித்தால் போதும், பிள்ளை டாக்டர், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாற்பதுக்கு மறுபடி அவள். இந்த முறை பேச்சுக்கு முன்னால் மூச்சுதான் கேட்டது. கீ, கீ என்று சன்னமாக ஒரு சத்தம். அவள் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சத்தம்.

"எங்கம்மா... வந்துட்டிருக்க?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட வந்துட்டேன் கண்ணு. ஒரே டிராஃபிக்கு. பைல இன்ஹேலர் இருக்குதுல்ல?"

"பை மாத்தி... எடுத்துட்டு வந்துட்டேம்மா..."

அப்போது குக்கர் விசில் அடித்தது. நீளமாக, வீடே அதிர. நான் போனைப் பொத்திக்கொண்டேன். பொத்துவதற்குள் அடித்து முடித்துவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு.

"சரிம்மா" என்றாள் பிரகதி.

போன் அணைந்துவிட்டது. திரும்ப அடித்துப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப்.

மையத்துக்குப் போன் போட்டேன். நிறுத்துங்கள் என்று சொல்ல அல்ல. வீசிங் இருக்கிறது, நான் படிவத்தில் மறைத்துவிட்டேன், வெளியே நிற்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லத்தான். எடுக்கவில்லை. ஏழு முறை போட்டேன். ஏழு முறையும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டோம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், எடுக்கவில்லை, ஆகவே இதுதான் அந்த நாள். இது மையத்தின் ஏற்பாடுதான் என்று நான் முழுசாக நம்பினேன். டாக்டர் கதவருகே நிற்பார். மூச்சுச் சத்தம் அவர் காதிலும் விழும். விழாமல் எப்படிப் போகும்? வீட்டு இன்ஹேலரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடலை கருகும் வாசனை வந்தபோது எழுந்து அடுப்பை அணைத்தேன்.

நாலரைக்கு மையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், ஏழு மிஸ்டு கால் இருந்துச்சுங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையில்லீங்களா, ஆபீஸ் லீவு. நானே ஒரு ஃபைல் எடுக்கலாம்னு இப்பத்தான் வந்தேன். நல்லதாப் போச்சுங்க, நாங்களே உங்களக் கூப்புடணும்னு இருந்தோம்."

"எம்பொண்ணுக்கு வீசிங் இருக்குதுங்க. உடனே வெளிய எடுக்கச் சொல்லுங்க!"

"எங்கிருந்துங்க மேடம்?"

"லிஃப்ட்டுல இருந்துங்க. உங்க ஆளுங்க..."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"உங்க பொண்ணோடது இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே. ரெண்டாவது பக்கத்துல அப்பா கையெழுத்து இல்லீங்க. அது இல்லாம நாங்க எதுவுமே பண்ண முடியாது. அதுக்குத்தான் நாளைக்கு வரச் சொல்லலாம்னு..."

அவள் பேசி முடிக்கும்போது நான் தெருவில் இருந்தேன். செருப்பு இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. வண்டியை எந்த வழியில் ஓட்டினேன், எந்த சிக்னலில் நின்றேன், நின்றேனா, எதுவும் நினைவில் இல்லை. வாய் மட்டும் "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

வளாகத்தின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காவலாளியைக் காணோம். குனிந்து உள்ளே ஓடிப் படியேறினேன். லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றிருந்தது. எந்த டாக்டரும் இல்லை. கதவைத் தட்டிக் கத்தினேன். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். அந்தக் கீ, கீ சத்தமாவது கேட்காதா என்று கேட்டேன். அதுவும் இல்லை.

என் கத்தலைக் கேட்டு எதிரில் இருந்த லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒருவர் கடப்பாரையோடு ஓடிவந்தார். கதவை நெம்பிக்கொண்டே கேட்டார்.

"எத்தன நேரமாச்சுங்க உள்ள மாட்டி?"

"இப்பத்தானுங்க" என்றேன்.

கதவு ஒரு முழம் திறந்தது. பிரகதி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. அவர் உள்ளே குதித்து அவளைத் தூக்கிக் கொடுத்தார். இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்று. இரண்டு. அவளுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. "இழு கண்ணு, இழு சாமி" என்று அலறினேன். நான்காவது முறை மார்பு லேசாக ஏறி இறங்கியது. அப்போது மணி நான்கு நாற்பத்தைந்து. அவள் உள்ளே இருந்தது தொண்ணூற்றைந்து நிமிடம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நவநீதன் சேலத்திலிருந்து பறந்துவந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஆவி பிடிக்கும் முகமூடியை நர்ஸ் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அம்மாவுக்கு எப்பக் கண்ணு போன் பண்ணின?"

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டுனதும் பண்ணேன்ப்பா. அம்மா உடனே வந்துருச்சு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. இருட்டில், மூச்சு முட்டிய நிலையில், நேரம் போனது அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விசில் சத்தமும் கேட்டிருக்காது. நல்லவேளை என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

விஷயம் எட்டியதும் கோகுலன் சார் பழக்கூடையோடு வந்தார். ஓரமாக என்னை அழைத்துப்போய், "இயற்கையாவே அமைஞ்சிருச்சுங்க மேடம். நாங்க எவ்வளவு பாடுபட்டாலும் இந்தத் தரம் வராது" என்றார். அவர் கண்ணில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அவரை ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

பிரகதி லிஃப்ட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். யாரும் தூண்டவில்லை. மையத்தில் வீட்டுப் பயிற்சிக்கென்று ஒரு பட்டை கொடுத்தார்கள். அதை அவள் தொடவே இல்லை, மேசை இழுப்பறையில் போட்டுவைத்தாள். தேர்வு நாளில் சேலத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே போகும்முன் என் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "நல்லா எழுதறேம்மா" என்றாள். ஏதோ நான் தேர்வெழுதப் போவது மாதிரி.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கட்டுரை செல்லாது என்றிருந்தது. கூடவே நகலும் வந்திருந்தது. கடையின் உள்ளறையில் நின்றுகொண்டே படித்தேன்.

"லிஃப்ட் நின்றதும் முதலில் சிரித்தேன். பிறகு விளக்கு அணைந்தது. என் கையை என்னால் பார்க்க முடியவில்லை. நான் கொல்லிமலை ஏற ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று வளைவுகளை எண்ணினேன். எழுபது வந்ததும் கீழே இறங்கி மறுபடியும் ஏறினேன். பத்து முறை மலை ஏறினேன். பதினொன்றாவது முறை நாற்பத்திரண்டில் மூச்சு வரவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்."

எல்லாம் பச்சை. ஆழம் தொண்ணூற்றேழு. நாமக்கல்லில் இதுவரை யாரும் வாங்காத எண்.

கடைசி வரி மட்டும் சிவப்பு.

"என் அம்மா உடனே வந்துவிட்டார்."

அதன் கீழே பொடி எழுத்தில் தேர்வு மையத்தின் குறிப்பு இருந்தது. இந்த வரி மூன்று முறை எழுதப்பட்டது. மூன்று முறையும் சிவப்பு. முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே பத்தொன்பது நிமிடம். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் அவள் டாக்டர்.

பிரகதி முன்பக்கம் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த ஒரு வரி எதுக்கு கண்ணு? அடிச்சுட்டு வேற எழுதியிருக்கலாமில்ல?"

அவள் அட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன்ல ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. பஸ் ஹாரன்னு நெனச்சுக்கிட்டேன். நீ பஸ் ஸ்டாண்டுகிட்டன்னு சொன்னயில்ல. உள்ள உக்காந்துக்கிட்டு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஹாரன்தான், ஹாரன்தான்னு."

கையிலிருந்த நகலை நான் நான்காக மடித்தேன்.

"அந்த வரிய எழுதினேன். சிவப்பாச்சு. திரும்ப நல்லா நெனச்சு எழுதினேன். அதுவும் சிவப்பு." ஓர் அட்டையைத் திருப்பித் தேதி பார்த்து அடுக்கில் வைத்தாள். "மூணாவது தடவையாச்சும் பச்சையா வரும்னு நெனச்சேம்மா."

இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். அவள் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

ஏன் உடனே வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வந்த பதினாறு நாளிலும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் "அம்மா" என்று கூப்பிடும்போதும், அடுத்த வார்த்தை அதுவாகத்தான் இருக்கும் என்று, செய்துகொண்டிருப்பதை அப்படியே நிறுத்திவிடுகிறேன். "அம்மா, மோர் இருக்குதா?" என்பாள். மோரை எடுத்துக் கொடுப்பேன். அப்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவளும் அதைக் கவனிப்பாள்.

இந்தப் பயத்தோடு இனி இருக்க முடியாது. அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்லத் தைரியமில்லை. சொன்னாலும் அவள் ஏன் நம்ப வேண்டும்? அதனால் இன்று மதியம், அவள் கடையில் இருக்கும்போது, இழுப்பறையில் கிடந்த அந்தப் பட்டையை எடுத்து என் நெற்றியில் கட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன். இதுவரை எழுதியது முழுவதும் அப்படி எழுதியதுதான். அவளுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் அவளை "நீ" என்று எழுதக் கை வரவில்லை.

எல்லாம் பச்சையாகவே வந்தது. மோனிஷாவுக்கு அமைந்துவிட்டது என்று சொன்னது பச்சை. படிவத்தில் இல்லை என்று எழுதியது பச்சை. காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்தது, பட்டறைக்காரரிடம் இப்போதுதான் என்று புளுகியது, ஆஸ்பத்திரியில் நல்லவேளை என்று நினைத்தது, எல்லாம் பச்சை. ஒவ்வொரு வரியும் பச்சையாக வர வர, இவ்வளவையும் செய்தவள் நான்தான் என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல இருந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. தெரியாமல் செய்த தப்பு, இதைப் படித்தால் அவளுக்குப் புரியும் என்று இருந்தது.

ஒரு வரி மட்டும் சிவப்பு.

இது மையத்தின் ஏற்பாடுதான் என்று நான் முழுசாக நம்பினேன்.

தட்டச்சில் ஏதோ பிசகு என்று அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். சிவப்பு. கண்ணை மூடி, அந்தச் சோபாவில் மறுபடி உட்கார்ந்து, கையில் இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு நன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு எழுதினேன். சிவப்பு. மேலே அது அப்படியே இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

அப்படியானால் அந்த மதியம் சோபாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன தெரிந்திருந்தது? அந்தக் கீ, கீ சத்தத்தைக் கேட்ட பிறகும், இது நிஜமாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகும், தொண்ணூறுக்கு மேல் வரட்டும் என்றா உட்கார்ந்திருந்தாள்? கேள்வியாக எழுதினால் பட்டை எந்த நிறமும் காட்டாது. கேள்விக்குறியை எடுத்துவிட்டு எழுதினால் காட்டும்.

மணி ஐந்தாகப் போகிறது. தெருமுனையில் பிரகதியின் வண்டிச் சத்தம் கேட்கிறது. அந்த ஒரு வரியை எழுத எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அது பச்சையாக வந்துவிடும் என்றுதான் பயமாக இருக்கிறது.